குதிரை தெரபி சென்டர்ல வாலண்டியர் பண்ணப் போறீங்களா? முதல் நாள்ல இருந்து முழுசா சொல்றேன்

நான் இருக்கறது டெக்சாஸ்ல, டாலஸுக்கு வடக்க. எச்4 விசால (எச்1பி விசால வேலை பாக்கறவங்களோட கணவன் மனைவிக்குக் குடுக்கறது) வந்து ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருந்தேன். எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க சனிக்கிழமை ஆனா விடியக்காலையிலேயே பூட்ஸ் மாட்டிட்டு கிளம்புவாங்க, எங்கதான் போறாங்கன்னு ஒரு நாள் கேட்டே விட்டேன், அவங்க கூட ஒட்டிட்டு போனதுதான் ஆரம்பம். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச குதிரை மெரினா பீச்ல ரவுண்டு அடிக்கற குதிரை மட்டும்தான், அதுலயும் நான் ஏறினது கிடையாது, ஏறின என் தம்பி கத்தினதைப் பாத்ததோட சரி.

இப்போ நாலு வருஷம் ஓடிப்போச்சு. தெரிஞ்சவங்க நிறைய பேர் கேக்கறாங்க, குதிரையே தெரியாதே நான் வரலாமா, உதைக்காதா, என்ன பண்ணணும்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்குங்க

உடம்புலயோ வளர்ச்சியிலயோ சவால் இருக்கற குழந்தைங்க, பெரியவங்க, போர்ல அடிபட்டு வந்த ராணுவக்காரங்க, இவங்களுக்கெல்லாம் குதிரை ஓட்டக் கத்துக்குடுக்கற இடம் இது. நாம நடக்கறப்போ இடுப்பு முன்னப்பின்ன, பக்கவாட்டுல, லேசா திரும்பி அசையுது இல்லையா, குதிரை நடக்கறப்போ மேல உக்காந்திருக்கறவங்க இடுப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் அசையும். அதனால தானா நடக்க முடியாத குழந்தைக்கும் அந்த நடை அசைவு கிடைச்சிடுது, விழாம உக்கார முதுகும் வயிறும் தானா வேலை செய்யுது.

இதுக்கு ஒரு பிள்ளையார் சுழி கதை உண்டு. டென்மார்க்ல லிஸ் ஹார்டெல்னு ஒரு குதிரை வீராங்கனை, 1944ல போலியோ வந்து முழங்காலுக்கு கீழ செயலிழந்து போயிடுச்சு. குதிரை மேல ஏத்தி விடறதுக்கே ஆள் வேணும்ங்கற நிலைமையில 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ல டிரெசாஜ் போட்டியில (குதிரையைச் சொன்னபடி நளினமா நடக்க வைக்கற போட்டி) வெள்ளி வாங்கினாங்க, 1956லயும் வாங்கினாங்க. அந்த தாக்கத்துலதான் ஐரோப்பாவுல அங்கங்க இந்த மாதிரி சென்டர்ஸ் வர ஆரம்பிச்சுது. அப்புறம் 1969ல பிரிட்டன்ல ஆர்டிஏ (ரைடிங் ஃபார் த டிசேபிள்டு அசோசியேஷன்), அதே வருஷம் அமெரிக்காவுல இப்போ பாத் இன்டர்நேஷனல்னு சொல்ற அமைப்பு. நம்ம சிங்கப்பூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், லாரன்ஷியா டான், பிறந்ததுக்கு அப்புறம் செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுக்குள்ள இல்லாத நிலை) வந்துச்சு, காதும் கேக்காது, சின்ன வயசுல பிசியோதெரபிக்காக குதிரை ஏறினவங்க, 2008 பாராலிம்பிக்ல சிங்கப்பூருக்கு முதல் மெடல் வாங்கிக் குடுத்தாங்க.

இன்னொரு விஷயம், ஹிப்போதெரபின்னு ஒண்ணு சொல்வாங்க, அது வேற. அங்க பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் மாதிரி லைசென்ஸ் உள்ளவங்க குதிரையோட அசைவை ட்ரீட்மென்ட்டுக்கு யூஸ் பண்றாங்க. நான் இங்க சொல்றது தெரபியூட்டிக் ரைடிங், இதுல பாடம் எடுக்கறது ட்ரெயினிங் முடிச்ச ரைடிங் இன்ஸ்ட்ரக்டர். யாராவது பேரன்ட் வந்து இதுல ஆட்டிசம் சரியாயிடுமான்னு கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்க, சரியாகும்னு சொல்ற இடமா இருந்தா அந்த இடத்துக்கே போகாதீங்க.

ஸ்டெப் 1: இடம் தேடறது

அமெரிக்காவுல இருந்தா பாத் இன்டர்நேஷனல் சைட்லயே ஊர் போட்டு தேடலாம். டாலஸ் பக்கம் ஈக்வெஸ்ட் 1981ல இருந்து இருக்கு, மெக்கின்னில மேன்கெய்ட், ஹூஸ்டன் பக்கம் சைர். சிங்கப்பூர்ல ஆர்டிஏ 1982ல இருந்து இலவசமாவே நடத்தறாங்க, பிரிட்டன்லயும் ஆர்டிஏ குரூப் ஊர் ஊருக்கு உண்டு. எங்க இருந்தாலும் சரி, சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய் பாருங்க. இன்ஸ்ட்ரக்டருக்கு சர்டிஃபிகேட் இருக்கா, ஏர்றவங்க எல்லார் தலையிலயும் ஹெல்மெட் இருக்கா, டாக்டர் கையெழுத்து போட்ட ஃபார்ம் இல்லாம யாரையாவது ஏத்தறாங்களான்னு பாருங்க. டாக்டர் ஃபார்ம் சும்மா ஃபார்மாலிட்டி இல்லீங்க, டவுன் சின்ட்ரோம் இருக்கற சில பேருக்கு கழுத்து எலும்பு ஸ்திரமா இருக்காது, அவங்க குதிரை ஏறினா ஆபத்து. அப்புறம் குதிரைங்களையும் ஒரு கண்ணு பாருங்க. விலா எலும்பு துருத்திட்டு, குளம்பு வெடிச்சு, ஆளைக் கண்டாலே காதைப் பின்னால மடக்கிட்டு நின்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

ஸ்டெப் 2: பேப்பர் வேலை

வயசு பொதுவா 14க்கு மேல கேப்பாங்க, சில இடத்துல 16. குழந்தைங்களோட வேலைங்கறதால பேக்ரவுண்ட் செக் இருக்கும். ஃபார்ம்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்டா எச்4காரங்க பயந்துட்டு விட்டுடறாங்க, விடாதீங்க, கோஆர்டினேட்டர் கிட்ட என்கிட்ட இல்லைன்னு நேரா சொல்லுங்க, எனக்கு பாஸ்போர்ட் வச்சே முடிச்சாங்க. விசா விஷயத்துல ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, அது நிஜமாவே லாப நோக்கில்லாத அமைப்பா இருக்கணும், அந்த வேலையை எல்லாருமே சம்பளம் இல்லாமதான் செய்யணும். மத்தவங்களுக்கு சம்பளம் குடுக்கற போஸ்ட்ல உங்களை ஓசியில உக்கார வைக்கறது, பதிலுக்கு கிஃப்ட் கார்டு, ஃப்ரீ கிளாஸ், இதெல்லாம் வந்தா தள்ளி நில்லுங்க, சந்தேகம்னா வக்கீல் கிட்ட கேளுங்க. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாத்துக்குங்க, லாயத்துல ஆணி, தகரம், முள்ளுக்கம்பின்னு எல்லாமே இருக்கும்.

ஸ்டெப் 3: கமிட் பண்றதுக்கு முன்னாடி கணக்கு போடுங்க

இதைப் பெருசா யாரும் சொல்றதில்ல. ஒரு ரைடருக்கு குதிரையைப் பிடிக்க ஒரு லீடர், ரெண்டு பக்கமும் நடக்க ரெண்டு சைட்வாக்கர், ஆக மூணு பேர். கிளாஸ்ல நாலு ரைடர்னா 12 பேர் வேணும். நீங்க காலையில எழுந்து இன்னைக்கு மழையா இருக்கே, பொட்லக் வேற இருக்கேன்னு மெசேஜ் தட்டிட்டு படுத்துட்டா ஒரு குழந்தை ஹெல்மெட் மாட்டிட்டு ஓரமா உக்காந்து பாக்க வேண்டியதுதான். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காக காத்திருந்த குழந்தைங்க அது.

அதனால வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், ஆனா தவறாம. எல்லா நாளும் வரேன்னு முதல் வாரம் உற்சாகத்துல சொல்லிட்டு மூணாவது வாரம் காணாம போறவங்க நம்மாளுங்கள்ல ஜாஸ்தி, நானே பாத்திருக்கேன். இந்தியா ட்ரிப் இருந்தா டிக்கெட் போட்ட அன்னைக்கே சொல்லிடுங்க.

ஸ்டெப் 4: என்ன போட்டுட்டு போறது

மூடின ஷூ, கொஞ்சம் ஹீல் உள்ள பூட்ஸ்னா இன்னும் நல்லது. செருப்பு, க்ராக்ஸ் போட்டுட்டு வந்தா உள்ளயே விட மாட்டாங்க. குதிரை 500 கிலோ இருக்கும், கால் மேல கால் வச்சா அது வேணும்னு வைக்கறதில்ல, ஆனா வலி நமக்குத்தானே. துப்பட்டா வேண்டாம், ஜிமிக்கி, வளையல் வேண்டாம், தாலிச் செயினை உள்ள போட்டுக்குங்க, பின்னல் நீளமா இருந்தா கொண்டை போடுங்க. ரைடர் குழந்தைங்க கைக்கு எது கிடைச்சாலும் இழுப்பாங்க, நாம குதிரையோட நடந்துட்டு இருக்கோம். சென்ட்டும் வேண்டாம், வாசனை ஒத்துக்காத குழந்தைங்க இருக்காங்க. டெக்சாஸ் வெயிலுக்கு தண்ணி பாட்டில் ரெண்டு. மண்ணுல முக்கா மணி நேரம் நடக்கறது பார்க்ல வாக்கிங் போற மாதிரி இல்ல, முதல் நாள் கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

ஸ்டெப் 5: குதிரை கிட்ட போறது

குதிரையோட கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கறதால கிட்டத்தட்ட சுத்தி முழுக்க பாக்கும், ஆனா நெத்திக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் அதுக்குத் தெரியாது. அதனால தோள்பட்டை பக்கமா, பேசிட்டே போங்க. தமிழ்ல பேசலாம், அதுக்கு பாஷை கணக்கில்ல, தொனிதான் கணக்கு. பின்னாடி சுத்தி வரணும்னா ஒண்ணு நல்லா தள்ளிப் போங்க, இல்லேன்னா உடம்போட ஒட்டி, பின்பக்கத்து மேல கை வச்சிட்டே வாங்க. நடுவுல ரெண்டடி தள்ளி நிக்கறதுதான் உதை வாங்கற இடம்.

காது முன்னாடி இருந்தா கவனிக்குது, பக்கவாட்டுல தொங்கினா தூக்கம், பின்னால ஒட்ட மடக்கினா கோவம். கேரட், வெல்லம் எல்லாம் ஆசையா கொண்டு வந்து கையில ஊட்டாதீங்க. அப்புறம் அது எல்லார் கையையும் மோந்து பாத்து கடிக்கப் பழகிடும், அடுத்த கை ரைடர் குழந்தையோட கையா இருக்கும். குடுத்தே ஆகணும்னா ஸ்டாஃப் கிட்ட கேட்டுட்டு தொட்டியில போடுங்க.

கிளாஸுக்கு முன்னாடி குதிரையைத் தேச்சு விடறது உண்டு. முதல்ல ரப்பர் சீப்பால வட்டமா தேச்சு அழுக்கைக் கிளப்பணும், அப்புறம் கெட்டி பிரஷ், அப்புறம் மெத்து பிரஷ், கடைசியா குளம்புல மாட்டின கல்லு மண்ணை கொக்கியால எடுக்கணும். சேணம் வைக்கற இடத்துல ஒரு சின்ன வைக்கோல் துணுக்கு இருந்தாலும் அது முக்கா மணி நேரம் குத்திட்டே இருக்கும், அதனால அந்த இடத்தை வெறும் கையால ஒரு தடவை தடவிப் பாத்துடுங்க.

ஸ்டெப் 6: லீடர் வேலை

புதுசா வந்த அன்னைக்கே இதைத் தர மாட்டாங்க, சில மாசம் ஆகும். லீடரோட கவனம் முழுக்க குதிரை மேலதான், ரைடரைத் திரும்பித் திரும்பிப் பாக்கக் கூடாது. தலைக்கும் தோளுக்கும் நடுவுல நடக்கணும். கயித்தைக் கையில சுத்தவே கூடாது, மடிச்சு மடிச்சுப் பிடிக்கணும். குதிரை மிரண்டு இழுத்தா சுத்தின கயிறு விரலை இறுக்கிடும், மடிச்ச கயிறுன்னா கையை விட்டு உருவிட்டுப் போகும்.

ஸ்டெப் 7: சைட்வாக்கர், நிஜமான வேலை இங்கதான்

எல்லாரும் ஆரம்பிக்கறது இதுலதான். ரைடரோட தொடை பக்கத்துல நடக்கணும். இன்ஸ்ட்ரக்டர் எந்த அளவு சப்போர்ட்னு சொல்வாங்க. சில பேருக்கு கணுக்காலை மட்டும் லேசா பிடிச்சா போதும், சில பேருக்கு நம்ம முன்னங்கையை அவங்க தொடைக்கு குறுக்கே வச்சு சேணத்தோட முன்பக்கத்தைப் பிடிக்கணும், சில பேருக்கு சும்மா கூட நடந்தா போதும். கையோட கனத்தை அவங்க கால் மேல இறக்கிடாதீங்க, குதிரை மேலயும் சாயாதீங்க. கை வலிச்சா சொல்லுங்க, குதிரையை நிறுத்தி ஒருத்தர் ஒருத்தரா பக்கம் மாத்திக்கலாம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையை எடுக்கவே கூடாது.

தொடறதா இருந்தா அழுத்தமா, நிலையா தொடுங்க. நம்ம ஊர்ப் பழக்கத்துல முதுகைத் தடவிக் குடுக்கறது, கன்னத்தைக் கிள்ளறது எல்லாம் தானா வரும். ஆட்டிசம் இருக்கற சில குழந்தைங்களுக்கு லேசான தடவல் பூச்சி ஊர்ற மாதிரி இருக்குமாம்.

இப்போ நான் கத்துக்க ரொம்ப நாள் ஆன பாடத்துக்கு வரேன். உதவி பண்ணாம இருக்கறதுதான் இந்த வேலையில கஷ்டமானது. நாம வளர்ந்த விதம் அப்படி, ஒரு குழந்தை கஷ்டப்பட்டா ஐயோ பாவம்னு ஓடிப் போய் நாமளே செஞ்சு குடுத்துடுவோம், சாதம் ஊட்டி விடற கை நம்ம கை. நான் முதல் சீசன்ல ஒரு பையனோட நடந்தேன், ஏழு வயசு, பேச்சு வராது. குதிரை கிளம்ப ரைடர்தான் "வாக் ஆன்" சொல்லணும், இல்ல சைகை காட்டணும், அதுவரைக்கும் லீடர் நகர மாட்டார், குதிரை தானா கிளம்பப் பாத்தாலும் நிறுத்திடுவார். எனக்கு அந்த அமைதி தாங்கல. அவன் காது பக்கத்துல நானே வாக் ஆன், வாக் ஆன்னு கிசுகிசுத்துட்டே இருந்தேன், அவன் கையைப் பிடிச்சு குதிரைக் கழுத்துல தட்டி விட்டேன், எல்லாம் நானே. கிளாஸ் முடிஞ்சு இன்ஸ்ட்ரக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, அடுத்த வாரம் நீ மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு, அப்புறமும் வாயைத் திறக்காதேன்னாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ஓசியில வந்து வேலை செய்யறவளை இப்படி சொல்றாங்களேன்னு.

ஆனா எண்ணினேன். ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்கல, ஒவ்வொரு தடவையும் குதிரை நின்னுட்டே இருந்து கடைசியில இன்ஸ்ட்ரக்டர்தான் கிளப்பினாங்க. மூணாவது வாரம் நான் ஆறோ ஏழோ எண்ணிட்டு இருக்கறப்போ அவன் "வா"ன்னான். அவ்வளவுதான், வாக்ல பாதி. லீடர் அடுத்த நொடியே கிளம்பிட்டார். அங்க இருந்தவங்களுக்கெல்லாம் அது அரைகுறை இங்கிலீஷ், எனக்கு மட்டும் அது முழு வார்த்தை, குதிரையைப் பாத்து வான்னு கூப்பிட்டான்னுதான் கேட்டுச்சு. நான் கிசுகிசுத்துட்டே இருந்திருந்தா அது வந்திருக்குமான்னு நீங்களே யோசிங்க.

அதனால, இன்ஸ்ட்ரக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீங்க. மேல இருக்கறவனுக்கு நடுவுல இருந்து ஒரு குரல், இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு வந்தா எதைக் கேப்பான்? அரீனாவுல (குதிரை ஓட்டற மண் திடல்) ஒரே குரல்தான். ரெண்டு சைட்வாக்கரும் குதிரைக்கு மேல எச்இபி சூப்பர்மார்க்கெட் டீல் பேசறதும் நடக்குது, தயவு செஞ்சு வேண்டாம். ஆள் முன்னாடியே பாவம்னு சொல்றதும் வேண்டாம், தமிழ்ல சொன்னா புரியாதுன்னு நினைக்காதீங்க, மூஞ்சியில தெரிஞ்சுடும். அவங்க குதிரை ஓட்டறாங்க, நமக்கு அது கூடத் தெரியாது, யார் பாவம்?

ஸ்டெப் 8: ஏர்றதும் இறங்கறதும்

ஆபத்து அதிகம் உள்ள நேரம் இதுதான், ட்ரெயினிங் உள்ளவங்கதான் ஏத்துவாங்க. ராம்ப் மாதிரி மேடை இருக்கும், குதிரை அதுக்குப் பக்கத்துல அசையாம நிக்கணும். நீங்க எதிர்ப்பக்கம் நின்னு, ரைடரோட கால் குதிரை முதுகைத் தாண்டி வர்றப்போ பிடிச்சு கீழ இறக்கி விடணும், அவ்வளவுதான். அந்த நேரத்துல யாரும் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, ஃபோன் அடிக்கக் கூடாது.

ஸ்டெப் 9: ஏதாவது ஆச்சுன்னா

இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்: லீடர் குதிரையோட, சைட்வாக்கர் ரைடரோட. குதிரை மிரண்டா ரெண்டு பேரும் முன்னங்கையை ரைடரோட தொடை மேல போட்டு சேணத்தை கெட்டியா பிடிங்க, லீடர் குதிரையைப் பாத்துக்குவார். இன்ஸ்ட்ரக்டர் எமர்ஜென்சி டிஸ்மவுன்ட்னு சொன்னா மட்டும், ஒருத்தர் சேணத்துல கால் வைக்கற வளையத்துல இருந்து ரைடரோட காலை எடுத்து விட்டு தள்ளணும், இன்னொருத்தர் இடுப்பைச் சுத்திக் கட்டிப் பிடிச்சு குதிரையை விட்டு விலகி இழுத்து இறக்கணும். நாமளா முடிவெடுத்து இழுக்கக் கூடாது. ரைடர் விழுந்துட்டா அந்த லீடர் குதிரையை விலக்கிட்டுப் போவார், மத்த குதிரை எல்லாம் இருந்த இடத்துலயே நிக்கணும், விழுந்தவங்களைத் தூக்கி உக்கார வைக்கவே கூடாது, தண்ணி குடுக்கறதும் வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் வந்து பாப்பாங்க. வருஷம் ஒரு தடவையாவது இதை ஒத்திகை பாக்கறாங்களான்னு கேளுங்க.

குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு ஊர்ல ஒரு பழமொழி சொல்வாங்களே, இங்க குதிரை தள்ளறது அபூர்வம், குழி பறிக்கறது பதட்டத்துல கத்தற மனுஷங்கதான்.

குதிரை பக்கமே போக முடியாதவங்களுக்கு

முட்டி வலி, அலர்ஜி, பயம், எதுவா இருந்தாலும் வேலை இருக்கு. ஒரு குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் மூத்திரமுமா 20 கிலோவுக்கு மேல போடும், யாராவது அள்ளணும். தண்ணித் தொட்டி தேய்க்கணும், சேணத்தோட தோலைத் துடைக்கணும். சனி ஞாயிறு ஆள் கிடைச்சுடும், செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிடைக்காது, வீட்ல இருக்கறவங்க அந்த நேரம் வந்தா தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. எக்செல் தெரிஞ்சவங்க வாலண்டியர் ஷெட்யூல் போட்டுக் குடுத்தாலே பெரிய புண்ணியம், எங்க சென்டர்ல அது ஒரு வெள்ளைப் பலகையில அழிச்சு அழிச்சு எழுதிட்டு இருந்தாங்க.

பணம் குடுக்கறதா இருந்தா குதிரைச் செலவுக்குன்னு குடுங்க. ஒரு குதிரை உடம்பு எடையில ஒண்ணரை ரெண்டு சதவீதம் தினம் புல் தின்னும், 500 கிலோ குதிரைக்கு அது எட்டு பத்து கிலோ. ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்ட ஆள் வரணும், பல்லு ராவணும், ஊசி போடணும். இங்க வேலை செய்யற குதிரை பாதிக்கு மேல வயசானது, நிதானமா நடக்கறது அதுங்கதான், அப்போ மருந்துச் செலவும் கூட வரும். ஐடி கம்பெனியில இருக்கறவங்க ஆபீஸ்ல மேட்சிங் (நீங்க குடுக்கற பணத்துக்கு ஈடா கம்பெனியும் குடுக்கறது) இருக்கான்னு பாருங்க, சில கம்பெனி நீங்க வாலண்டியர் பண்ற மணி நேரத்துக்கே அந்த அமைப்புக்கு பணம் அனுப்பும், நம்மாளுங்க பாதி பேர் க்ளெய்மே பண்றதில்ல. பழைய ஹெல்மெட்டை மட்டும் டொனேட் பண்ணாதீங்க, ஒரு தடவை அடிபட்டிருந்தா உள்ள நுரை நசுங்கியிருக்கும், வெளிய தெரியாது.

ஃபோட்டோ

எடுக்காதீங்க. குழந்தை எவ்வளவு அழகா சிரிச்சாலும் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, பேர், என்ன பிரச்சனை, எந்த ஸ்கூல்னு வீட்ல கூடப் பேசாதீங்க. என் மாமியாருக்கு குதிரையோட ஃபோட்டோ மட்டும் அனுப்பறேன், அதுக்கே அவங்களுக்கு திருஷ்டி சுத்திப் போடணும்ங்கறாங்க, குதிரைக்கா எனக்கான்னு கேக்கல.

கிளம்பறதுக்கு முன்னாடி

ரைடர் இறங்கினதும் வேலை முடிஞ்சுதுன்னு காருக்கு ஓடாதீங்க. சேணத்தை எடுத்து, முதுகுல வேர்வை இருந்தா துடைச்சு, தண்ணி காட்டிட்டு, கதவு தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க, தீவன ரூம் கதவை அதை விட கவனமா. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ள புகுந்து மூட்டை தானியத்தைத் தின்னுட்டா உயிருக்கே ஆபத்து. அன்னைக்கு குதிரை நொண்டுச்சு, சேணம் இறுக்கறப்போ கடிக்க வந்துச்சு, இப்படி எது பாத்தாலும் ஸ்டாஃப் கிட்ட சொல்லிட்டுப் போங்க, அதுக்கு சொல்ல வாயில்ல, எட்டு பேர் மாறி மாறி கையாள்றதால ஒருத்தர் சொன்னாதான் அடுத்தவருக்குத் தெரியும். வருகைப் பதிவுல மணி நேரத்தை எழுதுங்க, சென்டர் நிதி உதவி கேக்கறப்போ அந்தக் கணக்கைக் காட்டுவாங்க.

வீட்டுக்கு வந்தா ஷூவை கராஜ்லயே கழட்டிடுங்க, துணியைத் தனியா துவைங்க. நான் முதல் நாள் அப்படியே சமையல்கட்டு வரைக்கும் நடந்து வந்துட்டேன், அரீனா மண்ணு கார்பெட்ல இருந்து முழுசா போக மூணு வாரம் ஆச்சு.